பனி இறங்கி வந்த காலம்

சுவிட்சர்லாந்தில் செர்மாட்டுக்கும் செயின்ட் மோரிட்ஸுக்கும் இடையே ஓடும் கிளேசியர் எக்ஸ்பிரஸுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது ரோன் பனியாறு. 1930 ஜூனில் அந்த வண்டி முதன்முதலாகக் கிளம்பிய நாட்களில், ஃபுர்கா கணவாயை நோக்கி ஏறும் வழியில், கிளெட்ச் என்ற சிறிய நிலையத்துப் பக்கம் வரும்போது ஜன்னலுக்கு வெளியே அந்தப் பனியாறு தெரியும். 1982-ல் கணவாய்க்கு அடியில் 15 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் திறந்தார்கள். அன்றுமுதல் வண்டி மலைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்துவிடுகிறது. கூரைவரை கண்ணாடி போட்ட பெட்டிகள் இருக்கின்றன, 291 பாலங்கள் இருக்கின்றன, 91 சுரங்கங்கள் இருக்கின்றன, எட்டு மணி நேரமும் கண் நிறையக் காட்சிகள் இருக்கின்றன. பெயர் கொடுத்த பனியாறு மட்டும் வழியில் வருவதில்லை.

சுரங்கம் தோண்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய பாதையில் குளிர்காலத்தில் ரயில் ஓடாது. அங்கே ஸ்டெஃபன்பாக் என்ற ஓடையின் மேல் ஒரு பாலம் உண்டு. பனிச்சரிவு அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அதைக் கழற்றி மடக்கி வைத்துவிட்டு, வசந்தத்தில் மறுபடியும் பூட்டுவார்கள். ஆண்டு முழுவதும் ரயில் வேண்டும் என்று மலைமக்கள் கேட்டது நியாயமான ஆசை.

அதன்பின் கைவிடப்பட்ட அந்தப் பழைய பாதையைத் தன்னார்வலர்கள் மீட்டெடுத்தார்கள். சம்பளம் வாங்காமல் தண்டவாளம் போட்டார்கள். அந்தப் பாதையில் முன்பு ஓடிய நீராவி எஞ்சின்கள் 1940களில் வியட்நாமுக்கு விற்கப்பட்டு, அங்கே தலாத் மலைப்பாதையில் ஓடிக் களைத்து, துருப்பிடித்து நின்றன. 1990-ல் அவற்றைத் தேடிப்போய்க் கப்பலேற்றிக் கொண்டுவந்து பழுதுபார்த்தார்கள். 2010-ல் பாதை முழுவதும் திறந்தது. கோடை மாதங்களில் மட்டும் ஓடுகிறது. மடக்குப் பாலத்தை இன்றும் இலையுதிர் காலத்தில் கழற்றுகிறார்கள். சுவிட்சர்லாந்துக்குப் போகும் நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்டால் முதலில் நான் சொல்வது இந்த வண்டியைத்தான்.

அந்த வண்டியில் கிளெட்ச் வந்து இறங்கியபோது நான் தேடியது பனியாற்றை. எதிரே தெரிந்தது மொட்டைப் பாறை. யானை முதுகுபோல வழுவழுப்பாகத் தேய்ந்த பெரும்பாறை, அதன் மேலிருந்து வெள்ளையாக விழும் ஓர் அருவி. அவ்வளவுதான். 1850களில் அந்தப் பாறை முழுவதையும் மூடிக்கொண்டு, பள்ளத்தாக்கின் தரைவரை இறங்கி விசிறிபோல விரிந்து கிடந்தது பனி. ஊரின் பெயரே பனியாறு என்ற சொல்லிலிருந்து வந்தது. இங்கிருந்த விடுதியில் தங்கியவர்கள் உணவு முடித்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு, உலாவப் போவதுபோல நடந்துபோய்ப் பனியைத் தொட்டிருக்கிறார்கள். பனி தானாக இறங்கி மனிதர் வாசலுக்கு வந்திருந்த காலம் அது.

1874-ல் இதே பனியாற்றின் மேல் ஆய்வாளர்கள் குறுக்குவாட்டில் வண்ணம் பூசிய கற்களை வரிசை வரிசையாக அடுக்கினார்கள். ஆண்டுதோறும் வந்து, எந்தக் கல் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். நேர்கோடாக வைத்த வரிசை வில்போல வளைந்துகொண்டே போனது. கரையோரப் பனி மெதுவாகவும் நடுப்பனி வேகமாகவும் போவதால் அந்த வளைவு. நம் ஆறுகளில் கரையோரத்தில் தண்ணீர் சோம்பி, நடுவில் இழுத்துக்கொண்டு ஓடுகிறதே, அதேதான். பனியாறு என்று தமிழில் சொல்கிறோமே, அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பனியைப் பார்க்க வேண்டுமானால் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி 2,200 மீட்டருக்கு மேலே போக வேண்டும். அங்கே ஒரு வளைவின் மடியில் பெல்வெடேர் என்ற ஹோட்டல் நிற்கிறது. 1882-ல் பனியின் விளிம்பிலேயே கட்டினார்கள். 1964-ல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அந்தச் சாலையைப் பார்த்திருப்பீர்கள். பனி பின்வாங்கியது, ஹோட்டலும் மூடிப் பத்தாண்டாகிறது. பனி இருந்த இடத்தில் சாம்பல் பச்சை நிறத்தில் ஓர் ஏரி. அதன் ஓரத்தில் ஆண்டுதோறும் குடைந்துவந்த பனிக்குகையைக் காப்பாற்ற, கோடையில் வெள்ளைத் துணிகளால் பனியைப் போர்த்தத் தொடங்கினார்கள். வேதாரண்யம் உப்பளங்களில் மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்தைக் கீற்றால் மூடுவார்களே, அந்தப் பதைப்புதான் அங்கேயும் தெரிந்தது. துணி வெயிலில் அழுக்கேறிக் கிழிந்து தொங்கியது. அதன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ரோன் ஆறு பிறந்துகொண்டிருந்தது. இங்கிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஜெனீவா ஏரிக்குள் புகுந்து வெளியேறி, பிரான்ஸ் நாட்டைக் கடந்து, மத்தியதரைக் கடலில் சேரும் ஆறு.

சுவிட்சர்லாந்தைப் 'பார்க்க வேண்டிய நாடு' ஆக்கியவர்களில் முக்கியமானவர் தாமஸ் குக் என்ற பயண ஏற்பாட்டாளர். 1863-ன் கோடையில் அவர் இங்கிலாந்திலிருந்து ஒரு குழுவை அழைத்து வந்தார். அதில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜெமைமா மோரெல் என்ற பெண்மணி நாட்குறிப்பு எழுதினார். அது நெடுங்காலம் காணாமல்போய்க் கிடைத்து, 1963-ல் நூலாக வந்தது. அந்தப் பயணத்தை இன்று நினைத்தாலே கால் வலிக்கிறது. விடியுமுன் எழுந்து, தரையில் புரளும் பாவாடைகளோடு பெண்கள் கணவாய்களை நடந்து கடந்தார்கள். நடக்க முடியாத இடத்தில் கோவேறு கழுதை. ஏரி வந்தால் படகு. ஷமோனியில் பனியாற்றின் மேலேயே நடந்தார்கள். லவுட்டர்புருன்னன் அருவிகளைப் பார்த்து, கிரிண்டல்வால்டுக்கு இறங்கி, கடைசியில் ரிகி மலையுச்சியில் தங்கி, சூரிய உதயம் பார்த்தார்கள். இன்றைய சுற்றுலாப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், அதே ஊர்கள்தான். 160 ஆண்டுகளில் பட்டியல் மாறவில்லை.

அந்தப் பயணிகள் பார்த்த மனிதர்கள்தான் மாறிவிட்டார்கள். அன்றைய பள்ளத்தாக்குகள் ஏழைகளின் ஊர்கள். பயணியின் பின்னாலேயே குழந்தைகள் ஓடிவந்து பூவோ பழமோ நீட்டிக் காசு கேட்கும். வாலே மாநிலத்தில் கழுத்துக்கழலை வந்து வீங்கிய கழுத்தோடு மனிதர்களைப் பார்த்ததாக எழுதாத பயணியே அந்தக் காலத்தில் அநேகமாக இல்லை. அதற்கும் பனிக்கும் தொடர்பு உண்டு. பனியூழியில் பனியாறுகள் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்விட்டதால், அந்த மண்ணில் அயோடின் இல்லை. மண்ணில் இல்லாதது தண்ணீரிலும் பாலிலும் இல்லை. 1922-ல் உப்பில் சிறிதளவு அயோடின் சேர்க்கத் தொடங்கினார்கள். உலகிலேயே முன்னோடியான ஏற்பாடு அது. ஒரு தலைமுறைக்குள் அந்த நோய் காணாமல் போனது. மலைகளைப் பற்றி எத்தனையோ எழுதப்படுகிறது. அந்தச் சிட்டிகை உப்பைப் பற்றி அதிகம் பேர் எழுதாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

கிழக்கே கிராவ்புண்டன் மாநிலத்தில் வசந்தம் வந்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் கூட்டமாக மலைகளைக் கடந்து ஜெர்மனியின் ஷ்வாபியாவுக்கு நடப்பார்கள். அங்கே பண்ணையாருக்கு மாடு மேய்த்துவிட்டு, இலையுதிர் காலத்தில் ஒரு ஜோடித் துணியோடும் கொஞ்சம் காசோடும் திரும்புவார்கள். ஆயிரக்கணக்கானோர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஒரேயடியாகக் கப்பலேறினார்கள். பிரேசிலில் நோவா ஃபிரிபர்கோ என்ற ஊரே அப்படிப் போனவர்கள் நிறுவியதுதான். சாக்லேட் உறையில் நாம் பார்க்கும் அந்தப் பச்சைப் புல்வெளிகள் பலருக்குப் பசியின் நிலமாக இருந்தன.

அதை மாற்றியவற்றில் இரும்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெமைமா ரிகி மலைக்கு நடந்து ஏறிய எட்டே ஆண்டுகளில், 1871 மே மாதம், விட்ஸ்னாவிலிருந்து அதே மலைக்குப் பற்சக்கர ரயில் ஏறியது. நிக்லாவ்ஸ் ரிகன்பாக் என்ற பொறியாளர் கட்டியது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஏணிபோல ஒரு பாதை, அதில் எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறும். நம் நீலகிரி ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறுவதும் பற்சக்கரத்தைக் கொண்டுதான். அங்கேயுள்ள பல்தண்டவாள முறைக்கு ஆப்ட் என்று பெயர். ரோமன் ஆப்ட் சுவிஸ்காரர். முதலில் ரிகன்பாக்கிடம் வேலை பார்த்தவர். குன்னூருக்கு அந்த ரயிலில் போயிருப்பவர்களுக்கு ரிகி ரயிலின் 'கடக் கடக்' பழகிய சத்தமாகவே கேட்கும்.

சுவிஸ் மலை ரயில்களின் உச்சம் யூங்ஃப்ராவ் ரயில். அடால்ஃப் குயர்-செல்லர் என்ற தொழிலதிபர் 1893-ல் ஒரு மலைநடையின்போது மனத்தில் வரைந்த திட்டம் அது. ஐகர், மோன்ஷ் மலைகளின் வயிற்றைக் குடைந்து 7 கிலோமீட்டர் சுரங்கம். 1896-ல் வேலை தொடங்கியது. 1899-ல் அவர் இறந்துபோனார். 1912 ஆகஸ்ட் 1, நாட்டின் தேசிய நாளன்று, 3,454 மீட்டர் உயரத்தில் வண்டி போய் நின்றது. குடைந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். குளிர்காலத்தில் கீழ் உலகத்தோடு தொடர்பு அறுந்துபோகும். இலையுதிர் காலத்திலேயே மாவும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வைத்துக்கொண்டு, பனியை உருக்கித் தண்ணீராக்கி வேலை செய்தார்கள். டைனமைட் விபத்துகளில் சிலர் திரும்பவே இல்லை. அந்த ரயிலில் உட்கார்ந்தால் வெளியே பெரும்பாலும் இருட்டுதான் தெரியும். அந்த இருட்டை ஒவ்வோர் அடியாக வெட்டியவர்களை நினைத்துக்கொண்டே போனால், பாதி வழி கடப்பதே தெரியாது.

2020 டிசம்பரிலிருந்து கிரிண்டல்வால்டில் ஏறினால் புதிய கேபிள் கார் 15 நிமிடத்தில் ஐகர் பனியாற்று நிலையத்தில் விட்டுவிடுகிறது. 2015-ல் முதன்முறையாக ஒரே ஆண்டில் பத்து லட்சம் பேர் யூங்ஃப்ராவ் ரயிலின் உச்சி நிலையத்துக்குப் போனார்கள். அங்கே மலைவழிகாட்டிகள் 1934-ல் பனிக்குள் கோடரியால் குடைந்த பனி மாளிகை இருக்கிறது. வருகிற மக்களின் உடல்சூட்டில் அது உருகிவிடும் என்பதால் இயந்திரம் வைத்துக் குளிரூட்டுகிறார்கள். நாம் ஒவ்வொருவரும் உள்ளே போகும்போது கொஞ்சம் சூட்டைக் கொண்டுபோகிறோம். இதை அங்கே கேட்டபின் சுவரைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

நம்மவர்கள் சுவிட்சர்லாந்தை அறிந்தது திரையில். 1964-ல் வந்த ராஜ் கபூரின் 'சங்கம்' தொடங்கி வைத்தது. பிறகு யஷ் சோப்ராவின் படங்களைப் பார்த்து எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்! இன்டர்லாக்கன் நகரம் 2016-ல் அவருக்குச் சிலையே வைத்தது. அதுபோல, கொரியத் தொடர் ஒன்றில் வந்த ஏரிக்கரைப் படித்துறையைப் பார்க்கக் கூட்டம் குவிந்ததால், இசெல்ட்வால்ட் என்ற சிற்றூர் 2023-ல் தடுப்புக் கதவு வைத்து 5 பிராங்க் வசூலிக்க ஆரம்பித்தது. படத்தில் வந்த இடத்தில் நின்று படமெடுத்துக்கொள்ளும் ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் அதற்காகவே ஒதுக்கும் ஒரு நாளில், பக்கத்துப் பள்ளத்தாக்கில் இரண்டு மணி நேரம் நடந்தால் கிடைப்பது பல மடங்கு.

பயணியாகப் போகும் தமிழர் ஒருவர் அங்கே பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து இளைஞர்கள் இந்த நாட்டுக்கு அடைக்கலம் தேடி வந்தார்கள். முதலில் ஊர் அவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ஹோட்டல்களின் சமையல்கட்டில் பாத்திரம் கழுவினார்கள், காய் நறுக்கினார்கள், பிறகு அதே சமையல்கட்டுகளைத் தாங்கும் தூண்களாக ஆனார்கள். வெளியே போக வழி தேடிய ஏழைகளின் நாடு, நூறு ஆண்டுக்குள் வழிதேடி வந்தவர்களின் நாடாயிற்று. இன்று அங்கே தமிழர்கள் ஏறத்தாழ 50,000 பேர். பெர்ன் நகரில் 2014 டிசம்பரில் திறந்த 'சமயங்களின் இல்லம்' ஒரே கூரையின்கீழ் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த மடம் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. அங்குள்ள சைவக் கோயிலில் வழிபாடு தமிழில். பாசல் நகருக்கு அருகே மரியாஸ்டைன் மடத்துக்கு ஆகஸ்டில் தமிழர்கள் யாத்திரை போகிறார்கள், கத்தோலிக்கரோடு சைவர்களும் கலந்து. வேளாங்கண்ணிக்கும் மடுவுக்கும் போனவர்களுக்கு அந்தக் கூட்டம் அந்நியமாகத் தெரியாது.

யாத்திரை என்றதும் ஃபீஷ் கிராமத்துக்கு வருகிறேன். எனக்கு இந்த நாட்டிலேயே நெஞ்சை அதிகம் தொட்ட கதை அதுதான்.

ஃபீஷ், ரோன் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள மலைக் கிராமம். அதற்கு மேலே அலெட்ச் பனியாறு, ஆல்ப்ஸ் மலைகளிலேயே பெரியது, 20 கிலோமீட்டர் நீளம். பதினேழாம் நூற்றாண்டில் அது வளர்ந்துகொண்டே வந்தது. பனி அணைபோல் அடைத்து நின்றதில் மார்யெலன் என்ற ஏரி உண்டானது. பனிக்குள் வழி உடைத்துக்கொண்டு ஏரி திடீரென்று வடியும்போது கீழே ஊர்களில் வெள்ளம் புகும். வீடும் வயலும் மாடும் போகும். 1678-ல் ஃபீஷ், ஃபீஷர்டால் மக்கள் ஒரு நேர்ச்சை செய்தார்கள். ஒழுக்கமாக வாழ்வோம், பனியாறு இதற்குமேல் வளராதிருக்க மன்றாடுவோம் என்று. 1862-ல் பவனியும் சேர்ந்தது. விடியற்காலையில் புறப்பட்டுக் காட்டு வழியாக எர்னர் காட்டுச் சிற்றாலயத்துக்கு நடப்பார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்தார்கள்.

பனி குறைய ஆரம்பித்தது. முதலில் நன்றி சொல்லியிருப்பார்கள். பிறகு அது நிற்காமல் குறைந்தது. பள்ளத்தாக்கின் வயல்களுக்கும் வீடுகளுக்கும் கோடையில் தண்ணீர் கொடுப்பது பனிதானே. வளராதிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே குறைவதைப் பார்க்க அவர்களுக்கு நெஞ்சு பதறியது. ஆனால் கடவுளுக்குச் செய்த நேர்ச்சையைத் தாமாக மாற்ற முடியாது. 2009-ல் வத்திக்கானுக்கு விண்ணப்பித்தார்கள். மறு ஆண்டு அனுமதி வந்தது. இப்போது அதே மக்கள், அதே வழியில் நடந்து, பனியாறு உருகாதிருக்க வேண்டுகிறார்கள்.

கேபிள் காரில் எக்கிஸ்ஹார்னுக்கு ஏறி மேலிருந்து பார்த்தால் அலெட்ச் இன்னும் பெரியதாகவே தெரிகிறது. நடுவில் இரண்டு கறுப்புக் கோடுகளோடு, நெடுஞ்சாலைபோல வளைந்து கிடக்கிறது. அந்தக் கோடுகள், மூன்று பனியாறுகள் ஒன்றாகச் சேரும்போது கரையிலிருந்து அள்ளி வந்த பாறைத்துகள். சேரும் இடத்துக்கு மேலே ஒரு பாறையில் மலையேறிகள் தங்கும் குடில் இருக்கிறது. 1877-ல் கட்டியபோது பனிக்குச் சற்று மேலே இருந்தது. இப்போது நூறு மீட்டருக்கும் அதிகமான செங்குத்துப் பாறையில் இரும்புப் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். பனி இறங்க இறங்கக் கீழே படிகளை நீட்டிக்கொண்டே போகிறார்கள்.

2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் மொத்தக் கனஅளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 2025 மே 28 அன்று லோட்ஷன்டால் பள்ளத்தாக்கில், மேலே மலை சரிந்து விழுந்த பாரத்தில் பிர்ஷ் பனியாறு உடைந்து, பிளாட்டன் கிராமத்தின் மேல் இறங்கியது. ஒன்பது நாளுக்கு முன்பே 300 பேரையும் வெளியேற்றி, மாடுகளைக்கூட ஹெலிகாப்டரில் தூக்கிக் காப்பாற்றியிருந்தார்கள். ஆனாலும் ஓர் உயிர் போயிற்று. ஊரில் பெரும்பகுதி சில நொடிகளில் மண்ணுக்கடியில். நூற்றாண்டுகளாக நின்ற, வெயிலில் கறுத்த மரவீடுகள். பழைய படங்களில் ஜன்னல்தோறும் செம்பூந்தொட்டிகள் தெரிகின்றன.

கடைசியாக ஓரிடம். செயின்ட் மோரிட்ஸுக்கு அருகே பெர்னினா ரயில்பாதையில் மோர்டராட்ச் என்று ஒரு நிறுத்தம். பாதை போட்ட 1900களில் பனியின் முனை நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். வழி நெடுக ஆண்டு எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள், அந்த ஆண்டில் பனி இங்கே முடிந்தது என்று. ஆரம்பத்துப் பலகைகளைச் சுற்றி ஊசியிலை மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன. போகப் போக மரம் புதராகிறது, புதர் புல்லாகிறது, புல் பாசியாகிறது. நான் பிறந்த ஆண்டை ஒட்டிய பலகையைத் தாண்டும்போது நின்று திரும்பிப் பார்த்தேன். ரயில் நிலையம் மரங்களுக்குள் மறைந்திருந்தது. முன்னே ஒரு சிறுமி ஓடிப்போய்த் தன் ஆண்டைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசிப் பலகையைப் பிடித்துக்கொண்டு, பனி எங்கே என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் கை நீட்டிய இடம் இன்னும் வெகுதூரத்தில், மேலே இருந்தது.